பறவைச் சத்தத்தை முதல்ல பதிவு பண்ணினது யாரு? லுட்விக் கோக் பற்றிப் பேசலாம் வாங்க

பெகு_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் தட்டோன் தம்பி இந்தக் கேள்வியை வேற ஒரு இழையில கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள பேச்சு கரண்டு கட்டு, ஜெனரேட்டர், டீசல் விலைன்னு போயிடுச்சு. அதனால தனி இழை.

பேரு லுட்விக் கோக். 1881ல ஜெர்மனியில, பிராங்க்பர்ட்ல ஒரு யூதக் குடும்பத்துல பிறந்தவர். 1889ல அவங்க அப்பா லைப்சிக் சந்தைக்குப் போயிட்டு வரும்போது ஒரு எடிசன் போனோகிராபும் ஒரு பெட்டி மெழுகு உருளையும் வாங்கிட்டு வந்தார். பையனுக்கு அப்ப எட்டு வயசு வாக்குல இருக்கும். வீட்ல கூண்டுல ஒரு பறவை வளர்ந்துச்சு. அது முன்னாடி குழலை நீட்டிப் பதிவு பண்ணிட்டான். இன்னைக்கு நம்ம காதால கேட்கக் கிடைக்கிற பறவைப் பாட்டுப் பதிவுகள்ல அதுதான் ரொம்பப் பழசு.

அந்தப் பறவை என்னன்னு கேட்டா நிமிர்ந்து உட்காருவீங்க. சோலைபாடி. முதுகு கன்னங்கரேல்னு இருக்கும், வயிறு செங்காவி, இடுப்பு வெள்ளை, வால் நீளம். நம்ம பர்மாவுல, பெகு யோமா மலை மூங்கில் காட்டுல விடியுறதுக்கு முன்னாடி பாடுற அதே சாதி. இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா, இந்தோனேசியா பக்கத்துக் காட்டுப் பறவை. கப்பலேறி ஐரோப்பா போய், ஒரு வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து பாடினதுதான் முதல் பதிவு.

பையன் வளர்ந்து வயலின் படிச்சார், அப்புறம் கச்சேரிப் பாடகர் ஆனார். முதல் உலகப் போர் வந்து அந்தத் தொழிலைக் கெடுத்துச்சு. 1928க்கு அப்புறம் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வேலை. அங்கதான் அவருக்கு ஒரு யோசனை உதிச்சுது: புத்தகமும் இசைத்தட்டும் ஒரே பெட்டியில. படத்தைப் பாரு, படி, தட்டைப் போட்டுக் கேளு. ஹிட்லர் வந்த பிறகு யூதருக்கு அங்க என்ன மரியாதைன்னு சொல்ல வேண்டாம். 1936ல இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வயசு 54. கையில சொத்து இல்ல, இங்கிலீஷும் சரியா வராது. அதே வருஷம் பறவை ஆராய்ச்சியாளர் மேக்ஸ் நிக்கல்சன் எழுத, இவர் சத்தம் பிடிக்க, காட்டுப் பறவைகளோட பாட்டு புத்தகமும் தட்டுமா வெளிவந்துடுச்சு. பின்னாடி உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லிகூட மிருகங்களோட சத்தத்துக்கும் ஒண்ணு. போர்க்காலத்துல பிபிசி ரேடியோவுல வேலை. 1960ல பிரிட்டிஷ் அரசு விருது. 1974ல காலமானார்.

என் கட்சி இதுதான்: 1889ல பறவை மனுஷன் வீட்டுக்கு வந்துச்சு, 1936ல மனுஷன் மெஷினைத் தூக்கிக்கிட்டு பறவை வீட்டுக்குப் போனார். நடுவுல இருக்கிற 47 வருஷம்தான் கோக்கோட வாழ்க்கை. மத்ததெல்லாம் அலங்காரம். யாராவது மறுக்கிறீங்களா?

தட்டோன்_தம்பி

ஐயா ரொம்ப நன்றி, எனக்காக இழையே தொடங்கிட்டீங்க. ஒரு சந்தேகம். 1936ல டேப் ரிக்கார்டரே கிடையாதே? காட்டுக்குள்ள எதை வச்சுப் பதிஞ்சாரு?

பெகு_வாத்தியார்

மெழுகுத் தட்டு தம்பி. ஒரு வேன் முழுக்க மெஷின். வேனை ரோட்டோரம் நிறுத்தி, அங்கிருந்து கேபிள் இழுத்து, பறவை உட்கார்ற கிளைக்குப் பக்கத்துல மைக்கைக் கட்டி வச்சுட்டு, திரும்பி வந்து காத்திருக்கணும். மெழுகு குளிர்ல இறுகிடும், அதைச் சூடு காட்டிப் பதமா வச்சிருக்கணும். ஊசி வெட்டிக்கிட்டுப் போறது சில நிமிஷம்தான், அதுக்குள்ள பறவை பாடினா உண்டு.

இதுல பெரிய கஷ்டம் இன்னொண்ணு. பதிஞ்ச மெழுகை அங்கேயே போட்டுக் கேட்க முடியாது. ஊசி வச்சா வெட்டின தடம் போயிடும். தொழிற்சாலைக்கு அனுப்பி அச்சு எடுத்த பிறகுதான் பறவை விழுந்திருக்கா, நாய் குரைச்சது விழுந்திருக்கான்னு தெரியும். நீங்க போன்ல எடுத்துட்டு அந்த நிமிஷமே காதுல வச்சுக் கேட்கிறீங்க. அவர் பல நாள் காத்திருக்கணும். அதனாலதான் மெஷினைத் தட்டி விடுறதுக்கு முன்னாடி அந்தப் பறவை எந்தக் கிளைக்கு, எந்த நேரத்துக்கு வரும்னு உட்கார்ந்து பார்த்து வச்சுக்கிட்டார். கச்சேரிக்காரர் இல்லையா, எடுப்பு எப்ப வரும்னு காது சொல்லியிருக்கும்.

டல்லா_துரை

வாத்தியாரய்யா மன்னிக்கணும், நான் எதிர்க்கட்சி. கோக் நல்ல ரேடியோக்காரர். அதுக்கு மேல ஏத்திச் சொல்ல வேண்டாம். அந்த ஜெர்மன் உச்சரிப்புல அவர் பேசுறதைக் கேட்கத்தான் பாதிப் பேர் ரேடியோ முன்னாடி உட்கார்ந்தாங்க. நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் அவரை மாதிரிப் பேசிக் கிண்டலே பண்ணியிருக்கார். பறவை ஆராய்ச்சிக்கு அவர் புதுசா என்ன கொடுத்தார்?

சத்தத்தைப் படமா மாத்துற மெஷினை அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடம் 1940கள்ல செஞ்சுது. அதை வச்சு கேம்பிரிட்ஜ்ல தோர்ப்ங்கிறவர் 1950கள்ல ஒரு வகைக் குருவிக்குஞ்சைத் தனியா வளர்த்து, பெரிய குருவி பாடுறதைக் கேட்காம வளர்ந்தா அதுக்குப் பாட்டு ஒழுங்கா வராதுன்னு காட்டினார். அது விஞ்ஞானம். காதை நம்புற காலம் அத்தோட போச்சு.

உண்மையான ஆள் வேணும்னா நம்ம பக்கத்துலயே இருக்கார். இலங்கையில தீபால் வரக்காகொட. 1995ல மழைக்காட்டுல ராத்திரி ஒரு ஆந்தைச் சத்தம் கேட்கிறார். இலங்கையில இருக்கிற எந்த ஆந்தையோடும் அது ஒத்துப்போகலை. விடாம தேடி, 2001ல சிங்கராஜக் காட்டுல கண்ணால பார்க்கிறார். 2004ல புது இனம்னு அறிவிச்சாங்க. இலங்கையில 1868க்கு அப்புறம் கிடைச்ச முதல் புதுப் பறவை அது. ஆறு வருஷம் ஒரு சத்தத்துக்குப் பின்னாடி அலைஞ்சிருக்கார் மனுஷன்.

பெகு_வாத்தியார்

துரை, நீங்களே எனக்கு சாட்சி சொல்லிட்டீங்க! "காதை நம்புற காலம் போச்சு"ன்னு எழுதிட்டு, அடுத்த பத்தியிலேயே ஒரு சத்தம் காதுல ஒட்டலைன்னு ஆறு வருஷம் அலைஞ்சவரைக் கொண்டாந்து நிறுத்துறீங்களே. தீபால் ஏற்கெனவே இலங்கைப் பறவைச் சத்தம் அத்தனையும் காதுல வச்சிருந்ததாலதான் அது புதுசுன்னு தெரிஞ்சுது. மெஷின் அப்புறம் வந்து உறுதி பண்ணுச்சு.

கூண்டுப்பிரியன்

எங்க வீட்ல மூணு தலைமுறையா மைனா, கிளி, சோலைபாடி வளர்க்கிறோம். கோக்கே கூண்டுப் பறவையைத்தான் பதிஞ்சிருக்கார், அதைத் தப்புன்னு சொல்றவங்க இதைப் படிக்கணும். சோலைபாடி இருக்கு, நல்லாப் பாடும், மொழி பழக்கினது, வேணும்னா [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

பறவை விற்பனைக்கு இங்க இடம் இல்ல. இன்னொரு தடவை போட்டா கணக்கு முடக்கப்படும். தகவலுக்கு: சோலைபாடியைப் பிடிக்கிறது தென்கிழக்காசியா முழுக்க எக்கச்சக்கமாப் போனதால, 2022 நவம்பர்ல சைட்டிஸ் (காட்டு உயிர்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) மாநாட்டில இரண்டாம் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அனுமதிச் சீட்டு இல்லாம நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. இழை தொடரட்டும்.

மோல்மீன்_மங்கை

கூண்டு பத்தி நானும் ஒண்ணு சொல்றேன். பகோடா வாசல்ல சின்னக் கூடையில குருவியையும் சில்லையையும் அடைச்சு வச்சு, காசு கொடுத்தா திறந்து விடலாம், புண்ணியம்னு விக்கிறாங்க. நம்ம ஆளுங்களும் பிறந்தநாள்னா வாங்கி விடுறாங்க. விடுறதுக்காகவே பிடிக்கிறாங்கன்னு யாரும் யோசிக்கிறதில்ல. பாதி அங்கேயே சுவரோரம் செத்துக் கிடக்கும். என் நாத்தனார்கிட்ட சொல்லி வாயடைச்சுப் போச்சு. சரி, அது வேற கதை.

நான் வந்தது வேற விஷயத்துக்கு. கோக்குக்கு முன்னாடியே பிபிசி பறவையை நேரடியா ஒலிபரப்பியிருக்கு. 1924 மே மாசம், பியாட்ரிஸ் ஹாரிசன்னு ஒரு செல்லோ கலைஞர், சர்ரே பக்கத்துல தன் தோட்டத்துல ராத்திரி உட்கார்ந்து வாசிக்க, நைட்டிங்கேல் கூடப் பாடுச்சுன்னு ஊரே கேட்டுச்சு. அன்னைக்குப் பாடினது பறவையா, சீட்டியடிக்கிற ஆளான்னு இப்ப வரைக்கும் வாதம் நடக்குது.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தோட்டத்துல இருந்து ஒலிபரப்பு. 1942 மே 19 ராத்திரியும் மைக்கை வச்சுக் காத்திருக்காங்க. பறவை பாடிக்கிட்டு இருக்கு. தூரத்துல ஒரு உறுமல். ஜெர்மனியில மான்ஹைம் நகரத்துமேல குண்டு போடப் போற விமானங்கள் அந்தத் தோட்டத்துக்கு மேலயே போகுது. எதிரிக்குத் துப்பு போயிடக்கூடாதுன்னு நேரடி ஒலிபரப்பை நிறுத்திட்டாங்க, பதிவை மட்டும் நிறுத்தலை. அதனால இன்னைக்கும் கேட்கலாம். விமானம் வருது, தலைக்கு மேல போகுது, தேய்ஞ்சு மறையுது. பறவை ஒரு தடவைகூட நிறுத்தலை.

அதே 1942 மே மாசம்தான் எங்க பாட்டி தாமு வழியா இம்பாலுக்கு நடந்தது. ரங்கூன் மார்ச்லயே ஜப்பான்காரன் கையில விழுந்தாச்சு. மழை பிடிச்சிருச்சு. அந்தப் பாதையில எத்தனை பேர் போனாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. யாரோட குரலும் பதிவாகலை. அந்தப் பதிவை என்னால முழுசாக் கேட்க முடியல, அவ்வளவுதான்.

முப்பதாம்_தெரு

அக்கா, பாட்டி திரும்பி வந்தாங்களா?

மோல்மீன்_மங்கை

வந்தாங்க. போர் முடிஞ்சதும். அதான் நான் இங்க உட்கார்ந்து டைப் பண்றேன் 🙂

டல்லா_துரை

மங்கை, அந்தப் பதிவு கோக்கோடது இல்லைங்கிறதைக் குறிச்சுக்கிறேன். என் கட்சிக்கு அது பலம்.

பெகு_வாத்தியார்

துரைக்கு வேற வேலை இல்ல. சரி, ஐரோப்பாவை விடுவோம். நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன், அப்பவாவது ஒத்துக்கிறாரா பார்ப்போம்.

தாமஸ் ஜெர்டன்னு மெட்ராஸ் பட்டாளத்துல டாக்டரா இருந்தவர், இந்தியப் பறவைகளைப் பத்தி மூணு பாகம் எழுதினவர். அவர் 1862ல தயட்மியோ பக்கத்துப் புல்வெளியில ஒரு சிலம்பனைப் பார்த்து அறிவிச்சார். பழுப்பு உடம்பு, தடிச்ச அலகு, குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு அதுக்கு ஜெர்டன் சிலம்பன்னே பேரு. 1900 வாக்குல ரங்கூனைச் சுத்தி, ஐராவதி, சிட்டாங் ரெண்டு ஆத்துச் சமவெளியிலயும் ஆள் உயரப் புல் இருந்த காலத்துல அது சர்வசாதாரணம். அப்புறம் புல் குறைய அதுவும் குறைஞ்சுது. 1941 ஜூலைல சிட்டாங் கரையில மியிச்சோ ஊருக்குப் பக்கத்துல பார்த்ததுதான் பர்மாவுல கடைசி. இந்தியாவுல, பாகிஸ்தான்ல வேற கிளையினம் இருக்கு. பர்மாக் கிளையினம் அழிஞ்சே போச்சுன்னுதான் நிறையப் பேர் நினைச்சாங்க.

2014 மே 30. அதே மியிச்சோ. கைவிட்ட ஒரு விவசாயப் பண்ணையைச் சுத்தி மிச்சம் இருந்த புல்வெளியில ஒரு ஆராய்ச்சிக் குழு போய்க்கிட்டு இருக்கு. புல்லுக்குள்ள இருந்து ஒரு சத்தம், பழக்கமில்லாத குரல். உடனே பதிவு பண்ணி, அந்தப் பதிவையே அந்தப் புல் பக்கம் திருப்பிப் போட்டாங்க. என் எல்லைக்குள்ள எவன்டா பாடுறதுன்னு ஒரு வளர்ந்த பறவை மேல ஏறி வந்து உட்கார்ந்துச்சு. 73 வருஷம் கழிச்சு! அடுத்த ரெண்டு நாள்ல அக்கம்பக்கத்துலயே இன்னும் பல இடத்துல கிடைச்சுது. போட்டோ எடுத்தாங்க, ரத்த மாதிரி எடுத்தாங்க.

பெகுவுல இருந்து போயிட்டு வர்ற தூரம் அது. என் மாணவர்கள் பாதிப் பேர் வீட்டு வயல் அந்தப் பக்கம்தான். எல்லாரும் அந்தப் புல்லைத் தாண்டித்தான் போயிருக்காங்க.

தட்டோன்_தம்பி

ஐயா சிலிர்த்துப் போச்சு. அப்ப நானும் போன்ல சத்தத்தைப் போட்டா பறவை வெளியில வருமா??

மோல்மீன்_மங்கை

தம்பி, வரும். அதனாலதான் போடக்கூடாது. அது பாட்டுக் கேட்க வரலை, சண்டைக்கு வருது. கூட்டுல முட்டை இருக்கும், குஞ்சு இருக்கும், அதை விட்டுட்டு உன் போனைச் சுத்திச் சுத்திப் பறக்கும். ஒரு ஆள் ஒரு தடவை போட்டா பரவாயில்ல. ஒரு இடம் பேமஸ் ஆயிட்டா வர்றவன் எல்லாம் போடுறான்.

டல்லா_துரை

இங்க நான் வாத்தியார் பக்கம். அந்தக் குழு போடலைன்னா அந்தப் பறவை இன்னும் "இல்லாத" கணக்குலதான் இருக்கும். கர்னி பிட்டாவும் அப்படித்தான். 1875ல தெற்குப் பர்மாவுல தெனாசரிம் காட்டுல இருந்து பறவை ஆராய்ச்சியாளர் ஹியூம் அறிவிச்ச பறவை, பிறகு பல வருஷம் காணோம். தாய்லாந்துல 1986ல கொஞ்சம் கிடைச்சுது. 2003ல நம்ம தெனாசரிம்ல மறுபடி கண்டுபிடிச்சாங்க. பாட்டைப் போட்டுத் தேடித்தான் அதைக் கணக்கெடுக்கிறாங்க. தரையில, இருட்டுப் புதர்ல நடக்கிற பறவையை வேற எப்படி எண்ணுவீங்க? ஆராய்ச்சிக்குச் சரி. செல்பிக்கு வேண்டாம். அதுதான் கோடு.

வியாசை_பர்மாக்காரன்

மெட்ராஸ்ல இருந்து வணக்கம். நாங்க 1965ல கப்பல்ல வந்த குடும்பம். இந்த இழையை ராத்திரி முழுக்கப் படிச்சேன்.

வாத்தியார் ஒரு இடத்துல "புல் குறைய அதுவும் குறைஞ்சுது"ன்னு எழுதிட்டு நைசா நகர்ந்துட்டார். புல்லை யார் குறைச்சது? அதைச் சொல்லாம சிலம்பன் கதையை முடிக்கக் கூடாது. தெற்குப் பர்மாவைப் பிரிட்டிஷ்காரன் பிடிச்ச பிறகு, ஏற்றுமதி நெல்லுக்காக அந்தச் சமவெளியை வெட்டித் திருத்தினாங்க. பர்மாக்காரன் வெட்டினான், நம்ம ஊர்க் கூலியும் வெட்டினான், கடன் கொடுத்தது செட்டியார் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை. 1930ல முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியார் கையில இருந்த நிலம் நூத்துக்கு 6. உலக மந்தத்துல நெல் விலை விழுந்து, கடனுக்கு நிலம் கைமாறி, 1938ல நூத்துக்கு 25. எங்க தாத்தா கிட்டங்கியில கணக்குப்பிள்ளை. "அங்க எல்லாம் காடும் கோரையுமா கிடந்துச்சு, நாமதான் பொன்னா மாத்தினோம்"னு பெருமையாச் சொல்வார். அந்தக் கோரைக்குள்ளதான் ஜெர்டன் சிலம்பன் பாடிக்கிட்டு இருந்திருக்கு.

யாரையும் குத்தம் சொல்ல வரலை. சோறு வேணும். ஆனா அந்த ஊர்ல ஒரு சத்தம் நின்னு போனதுல நமக்கும் பங்கு இருக்குன்னா, பதிவு பண்ற வேலையிலயும் இருக்கணும் இல்லையா. வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடிக்கணும், நாம பேப்பர்ல படிச்சுச் சிலிர்க்கணும், இது எனக்கு ஒத்துக்கல.

பெகு_வாத்தியார்

நைசா நகரலை அண்ணே, யாராவது கேட்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். எங்க அப்பாரும் பெகு பக்கம் வயல்காரர்தான். ஒரு சின்னத் திருத்தம்: அந்த 2014 குழுவுல மியன்மா வனத்துறைக்காரங்களும் சிங்கப்பூர் பல்கலைக்கழக ஆட்களும் இருந்தாங்க. வெள்ளைக்காரன் மட்டும் இல்ல.

முப்பதாம்_தெரு

சரி, வேலைக்கு வருவோம். ரங்கூன் நடுவுல இருந்துக்கிட்டு நான் செய்யிறதைச் சொல்றேன். பெரிய கருவி எதுவும் என்கிட்ட இல்ல.

விடியுறதுக்கு அரை மணி முன்னாடி மொட்டை மாடி. முதல்ல குயில், அப்புறம் குண்டுகரிச்சான், அப்புறம் காக்கா எழுந்து எல்லாத்தையும் கெடுக்கும். போன்ல சத்தம் பதியிற ஆப்ல, சுருக்காத கோப்பு, அதாவது வேவ் வடிவத்துல பதியுங்க. எம்பி3ல பதிஞ்சா மேல்ஸ்தாயியில பாதி போயிடும். "இரைச்சல் நீக்கு"ன்னு ஒரு பட்டன் இருந்தா அணைச்சுடுங்க, அது மனுஷக் குரலுக்காகச் செஞ்சது, பறவையை இரைச்சல்னு நினைச்சு அழிச்சிடும். காத்து அடிச்சா மைக் ஓட்டை மேல ஒரு பஞ்சுத் துண்டு. பதிவு முடிஞ்சதும் நிறுத்துறதுக்கு முன்னாடி உங்க வாயாலேயே தேதி, நேரம், ஊரு, பறவையைப் பார்த்தீங்களா கேட்டது மட்டும்தானா, இதைச் சொல்லிடுங்க. கோப்புப் பேரை யாராவது மாத்திட்டாலும் தகவல் உள்ளேயே இருக்கும்.

ஜெனரேட்டர் பிரச்சனை எல்லாருக்கும் இருக்கு. ஜெனரேட்டர் உறுமல் கீழ்ஸ்தாயியில இருக்கும், சின்னான், கரிச்சான், கதிர்க்குருவி எல்லாம் அதுக்கு ரொம்ப மேல பாடும். சத்தத்தைப் படமாக் காட்டுற ஆப்ல போட்டுப் பார்த்தா ரெண்டும் தனித்தனி மாடியில இருக்கிறது தெரியும், கீழ் மாடியை வெட்டி விட்டுடலாம். செம்போத்து மட்டும் மாட்டிக்கும். அதோட "ஊப் ஊப்" ஜெனரேட்டர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. செம்போத்து வேணும்னா கரண்டு இருக்கிற நாளைக்குக் காத்திருக்கணும் 😀

எங்க தெருக் காக்காவையும் விட்டுடாதீங்க. மெட்ராஸ் காக்கா கழுத்துல சாம்பல் பட்டை வெளுப்பா இருக்கும், நம்ம பர்மாக் காக்காவுக்கு அது கறுத்துப் போய்த் தெரியவே தெரியாது. கிளையினமே வேற. கத்துறதுல வித்தியாசம் இருக்கான்னு வியாசை அண்ணன் அங்க ஒண்ணு பதிஞ்சு போட்டா ஒப்பிடலாம்.

வியாசை_பர்மாக்காரன்

காக்காவுக்கா பஞ்சம்? நாளைக்கே போடுறேன். எங்க வீட்டுச் சுவத்துல அமாவாசை சோறு வைக்கிற நேரத்துல வா, கச்சேரியே நடக்கும்.

டல்லா_துரை

பதிஞ்சதை எங்க வைக்கிறது? இந்த இழையில போட்டா ஆறு மாசத்துல இணைப்பு செத்துடும்.

முப்பதாம்_தெரு

சேனோ-கேன்டோ. நெதர்லாந்துல ரெண்டு பேர் 2005ல ஆரம்பிச்ச தளம். யார் வேணும்னாலும் ஏத்தலாம், யார் வேணும்னாலும் கேட்கலாம், காசு இல்ல. பேரு தெரியலைன்னா "மர்மப் பதிவு"ன்னு போட்டா மத்தவங்க வந்து அடையாளம் சொல்வாங்க. இல்லேன்னா அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெக்காலே நூலகம், பறவை பார்த்ததைப் பதியிற அவங்க இ-பேர்டு தளத்துக் கணக்கு வழியா ஏத்தலாம். அவங்க 1929லயே பறவைப் பதிவைத் தொடங்கினவங்க. 2021ல இருந்து அவங்களோட மெர்லின் ஆப் சத்தத்தைக் கேட்டுப் பறவைப் பேர் சொல்லுது, அதுவும் துரையண்ணன் சொன்ன சத்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லுது. ஆனா கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. கரிச்சானும் சோலைபாடியும் அடுத்த பறவை மாதிரி மிமிக்ரி பண்ணும், ஆப் ஏமாந்துடும்.

பெகு_வாத்தியார்

ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். ஏத்துறதுக்கு முன்னாடி வீட்லயும் ஒரு பிரதி வையுங்க. பழைய கேசட்டு வச்சிருக்கிறவங்க மழைக்காலம் வர்றதுக்குள்ள எடுத்துப் பாருங்க, நம்ம ஈரத்துக்கு நாடாவுல வெள்ளையாப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையோட ஓட்டினா பிளேயரும் கெடும், நாடாவும் கிழியும். கோக் சேர்த்து வச்சது நிலைச்சதுக்குக் காரணம் பிபிசி அதை வாங்கித் தன் கிடங்குல வச்சதுதான். நமக்கு அப்படி யாரும் இல்ல.

தட்டோன்_தம்பி

எல்லாரும் திட்டக்கூடாது. போன மாசம் சித்தப்பா வீட்டுக்குப் போனப்ப எடுத்த ஒரு பதிவு இருக்கு. சிட்டாங் கரைப் பக்கம், வாய்க்கால் மேட்டுல கோரை நிறைய நிக்குற இடம். காலையில ஆறரை இருக்கும். பறவையைப் பார்க்கலை. சத்தத்தைத் திருப்பியும் போடலை அக்கா, சத்தியமா. முதல்ல ரெண்டு மூணு மெல்லிசான விசில், அப்புறம் இறங்கி வர்ற மாதிரி ஒண்ணு. முக்கியமான இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கேன், 11 வினாடி.

டல்லா_துரை

கேட்டேன். தம்பி உற்சாகத்தைக் கெடுக்க வரலை, ஆனா அந்தக் கோரையில இன்னும் நாலு பேர் குடியிருக்காங்க. செம்முடிச் சிலம்பன் அதே புல்லுலதான் இருக்கும். கதிர்க்குருவி ரெண்டு வகை இருக்கு. உடம்பெல்லாம் கோடு போட்ட பெரிய புல்குருவி ஒண்ணு இருக்கு, அது மேல எழும்பிப் பறந்து உரக்கப் பாடிட்டு இறங்கும். உன் பதிவுல ஆறாவது வினாடியில வர்றது அதோட குரல் மாதிரி எனக்குப் படுது. அதுக்கு முன்னாடி வர்ற விசில் வேற ஆளு.

முப்பதாம்_தெரு

படமாப் போட்டுப் பார்த்தேன். துரையண்ணன் சொல்றது சரி, ரெண்டு பறவை இருக்கு. விசில் கிட்டத்துல, உரத்த குரல் தூரத்துல. விசில் செம்முடிச் சிலம்பனா இருக்க வாய்ப்பு அதிகம்னு நினைக்கிறேன். ஜெர்டன்னு சொல்ல இந்த 11 வினாடி போதாது.

பெகு_வாத்தியார்

தம்பி, வெட்டினதை விட்டுடு. முழுக் கோப்பு இன்னும் போன்ல இருக்கா? இருந்தா அப்படியே போடு, நீ இருமினது, சித்தப்பா கூப்பிட்டது எல்லாம் இருக்கட்டும். கிட்டத்துல இருந்த பறவை அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கும். இடத்தோட பேரை இங்க பொதுவுல எழுதாதே, கூண்டுக்காரங்களும் படிக்கிறாங்க. எனக்குத் தனிச் செய்தியில அனுப்பு.

தட்டோன்_தம்பி

இருக்கு ஐயா. பெரிய கோப்பு, இங்க நெட் ஆமை வேகம். ராத்திரி ஏத்த விட்டுட்டுத் தூங்குறேன்.